ஆட்டுக்கிடைக்கு மின்னல் எச்சரிக்கை: செயலியா, சில்லா, சொந்த நிலையமா?

"இடிக்கு முன்னாலயே சொல்லுத மிஷின் ஒண்ணு இருக்காம்லா மாப்ள, வாங்கிப் போட்டுருவமா?"

புரட்டாசி முடிகிற சமயத்தில் மாமா கேட்டார். அவருக்கு நாங்குநேரிக்குத் தெற்கே மானாவாரி நிலம். அறுபது ஆடுகள். உளுந்துக்குக் களையெடுக்கும் நாட்களில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வேலைக்கு வருவார்கள். போன ஐப்பசியில் வரப்போரப் பனை ஒன்றில் இடி விழுந்து கொண்டை கருகிப்போய், இன்றைக்கும் அது மொட்டையாக நிற்கிறது. ஆடுகள் அன்றைக்கு வேறு பக்கம் மேய்ந்துகொண்டிருந்தன. அந்த மொட்டைப் பனையைப் பார்க்கும்போதெல்லாம் மாமாவுக்கு அதே நினைப்பு.

நான் பல வருடமாக அமெச்சூர் ரேடியோ வைத்திருப்பவன், அதனால்தான் என்னிடம் கேட்டார். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் இந்தியாவில் மின்னலுக்குப் பலியானவர்கள் 2,887 பேர். பெரும்பாலும் வயலிலும் மேய்ச்சல் காட்டிலும் இருந்தவர்கள். ஆகவே பொழுதுபோக்குக்காரனாகப் பதில் சொல்லாமல், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இதே கேள்வி பலருக்கும் இருக்கும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. களையெடுப்பவர்கள் நிலத்திலிருந்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கான்கிரீட் கட்டடத்துக்கு நடக்கப் பத்து நிமிடம் ஆகும். ஆடுகளை ஓட்டிக்கொண்டு பட்டிக்குத் திரும்ப இருபத்தைந்து நிமிடம். இடிமழை மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 7 கி.மீ. வந்துவிடும். இருபத்தைந்து நிமிடத்தில் 17 கி.மீ. மழை மேகத்தைத் தாண்டிப் பத்து கி.மீ. தள்ளிக்கூட மின்னல் விழுவது உண்டு. அப்படியானால் ஆடுகளுக்கு, மின்னல் 20 கி.மீ.க்கு அப்பால் இருக்கும்போதே சேதி வர வேண்டும். ஆட்களுக்கு அதில் பாதித் தூரத்தில் வந்தாலும், மழை வந்து சேரும் முன் கட்டடத்துக்குப் போய்விட நேரம் உண்டு. இந்த இரண்டு எண்களும் கையில் இல்லாமல் எந்தக் கருவி நல்லது என்று பேசுவதில் பயன் இல்லை.

மாமா கேள்விப்பட்ட "மிஷின்" எனக்குத் தெரிந்ததுதான். ஏஎஸ்3935 என்ற சிறு மின்னணுச் சில்லு (சிப்). ஆர்டுயினோ, இஎஸ்பி32 போன்ற குட்டிக் கணினிப் பலகைகளை வைத்து விளையாடும் பையன்கள் பலரிடம் இருக்கும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சில்லு, பக்கத்தில் ஃபெரைட் சுருள் ஒன்று. 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் காது வைத்துக் கேட்கும். சின்ன வயதில் மீடியம் வேவ் வானொலியில் பாட்டுக்கு நடுவே கரகரவென்று வெடிப்பு கேட்குமே, மின்னல் வெட்டும் அதே கணத்தில்? அதைத்தான் இந்தச் சில்லும் கேட்கிறது. கேட்டுவிட்டு, இடிமழையின் முன்விளிம்பு எத்தனை கி.மீ. தள்ளி இருக்கும் என்று 40, 37, 34, 31 எனப் படிப்படியாக இறங்கும் எண்களில் சொல்லும். திசை சொல்லாது.

நானே ஒன்றை மாமாவின் பம்புசெட்டு அறை ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். மும்முனைக் கரண்ட் வந்து ஆட்டோ ஸ்டார்ட்டர் "டக்" என்று இழுக்கும்போதெல்லாம் விளக்கு எரிந்தது. வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. மனிதர் உண்டாக்கும் இரைச்சலைப் பிரித்துத் தள்ளச் சில்லுக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. ஆனால் ஸ்டார்ட்டரின் தீப்பொறியும் ஒரு குட்டி மின்னல்தானே. வைத்த இடம் என் தவறு. பேட்டரியோடு நாற்பது மீட்டர் தள்ளி வேப்பமரத்துப் பக்கம் கொண்டு போனதும் அடங்கியது.

இரைச்சல் அடங்கினாலும் அடிப்படைச் சிக்கல் ஒன்று மிச்சம் இருந்தது. 14 என்று அது காட்டிய ஒரு சாயங்காலம், வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையே எண்ணிப் பார்த்தால் 6 கி.மீ.தான் வந்தது. பக்கத்தில் மெல்லப் பேசுகிறவர் குரலும் தூரத்தில் கத்துகிறவர் குரலும் ஒற்றைக் காதுக்கு ஒரே அளவாகக் கேட்கலாம். மின்னலில் பலவீனமானதும் உண்டு, பத்து மடங்கு வலுவானதும் உண்டு. ஒரே இடத்தில் இருந்து, வலுவை மட்டும் வைத்துத் தூரம் சொன்னால் அது ஊகம்தான். ஏதோ நெருங்குகிறது என்று தெரிந்துகொள்ளப் போதும். அறுபது ஆடுகளை எப்போது திருப்புவது என்று முடிவெடுக்கப் போதாது.

ஒற்றைக் காதால் முடியாததைப் பல காதுகள் செய்யும், அவை ஒரே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால். மின்னல் உணரி (சென்சார்) வலையமைப்புகளின் உயிர் இந்தக் கடிகாரத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது இதிலிருந்தே வருகிறது.

மதுரை, கோவை, சென்னை மூன்றிலும் ஓர் உணரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். திருநெல்வேலியில் ஒரு மின்னல் விழுகிறது. அதன் ரேடியோ அலை ஒளியின் வேகத்தில், அதாவது மைக்ரோநொடிக்கு 300 மீட்டர் வீதம், நாலா பக்கமும் பரவுகிறது. மதுரைக்கு ஏறக்குறைய 0.47 மில்லிநொடியில் போய்ச் சேரும். கோவைக்கு 0.9, சென்னைக்கு 1.9. மின்னல் எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கோவைக்கு மதுரையைவிட எவ்வளவு தாமதம் என்று தெரியும். அந்த ஒரே வித்தியாசத்தைத் தரக்கூடிய எல்லாப் புள்ளிகளையும் சேர்த்தால் ஒரு வளைகோடு வரும். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் படித்த அதிபரவளைவு. சென்னையை வைத்து இன்னொரு வளைவு. இரண்டும் வெட்டும் இடத்தில்தான் மின்னல். சில சமயம் இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்ளும். அதனால் நான்காவது உணரியும் வேண்டும், சரிபார்க்க மேலும் சில இருந்தால் நல்லது.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். ஒரு உணரியின் கடிகாரம் ஒரு மைக்ரோநொடி பிசகினால் அதன் கணக்கில் 300 மீட்டர் பிசகும். இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் சாதாரணக் கம்ப்யூட்டரின் கடிகாரம் சில மில்லிநொடி பிசகுவது சகஜம். அந்தப் பிசகு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அதனால்தான் ஒவ்வொரு நிலையத்திலும் ஜிபிஎஸ் இருக்கிறது. தான் எங்கே இருக்கிறோம் என்று அறிய மட்டும் அல்ல, செயற்கைக்கோள் நேரத்தைக் கொண்டு நொடிக்கு ஒரு தடவை அது தரும் துடிப்பை எண்ணி நேரம் பிடிக்கவும் அது வேண்டும்.

இதற்கு முந்தைய தலைமுறை முறை, திசை பார்ப்பது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு வளையச் சுருள்களில் எதில் எவ்வளவு காந்த அலை விழுகிறது என்று பார்த்தால் மின்னல் இருக்கும் திசை தெரியும். பிற்காலத்தில் ராடாருக்கு முன்னோடியாக இருந்த ராபர்ட் வாட்சன்-வாட், பிரிட்டனில் 1920-களில் இடிமழையைத் தேடித்தான் இந்தத் திசைகாணும் வேலையைத் தொடங்கினார். இரண்டு நிலையங்களின் திசைக்கோடுகள் வெட்டும் இடம் மின்னல். ஆனால் ஒரு பாகை பிசகினால் 200 கி.மீ. தூரத்தில் மூன்றரை கி.மீ. தள்ளிப் போகும். பக்கத்தில் கம்பி வேலி இருந்தாலே பாகை பிசகும். இன்றைய உயர்தர வலையமைப்புகள் சில நேரத்தையும் திசையையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன.

இனி நம் ஊருக்குக் கிடைக்கும் வலையமைப்புகள்.

தாமினி. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் செயலி, 2018-இல் வந்தது. நாடு முழுக்க 80-க்கும் மேற்பட்ட உணரிகள் கொண்ட அவர்களுடைய வலையமைப்பு இதற்குப் பின்னால் இருக்கிறது. நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 கி.மீ., 40 கி.மீ. என்று இரண்டு வட்டம். உள்ளே மின்னல் விழுந்தால் எச்சரிக்கை வரும். காசு கிடையாது. நாம் போட்ட கணக்கோடு இந்த வட்டங்களை ஒட்டிப் பாருங்கள்: 40-இல் தயாராகு, 20-இல் ஆட்டைத் திருப்பு. நமக்கென்று அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. இந்த வகை உணரிகள் மிகத் தாழ்ந்த அலைவரிசையிலிருந்து பல மெகாஹெர்ட்ஸ் வரை அகலமாகக் கேட்பதால், தரையில் விழுவதோடு மேகத்துக்குள்ளேயே வெட்டுகிற மின்னலையும் பிடிக்கும். பெரும்பாலான இடிமழைகளில் மேகத்துக்குள் வெட்டுவதுதான் முதலில் தொடங்குகிறது. தரைக்கு வருவது சில நிமிடம் கழித்து. அந்தச் சில நிமிடம் மாமாவுக்குத் தங்கம்.

தாமினி மாமாவின் போனில் ஏற்கெனவே இருந்தது. மகள் போட்டுக் கொடுத்தது. ஒருநாளும் அலறியதில்லை என்றார். வாங்கிப் பார்த்தால், இருப்பிட அனுமதி "செயலி திறந்திருக்கும்போது மட்டும்" என்று இருந்தது. பேட்டரி சேமிப்பு வேறு போட்டிருந்தார். போனைப் பையில் வைத்த மறுநிமிடம் செயலி தூங்கிவிடும். இருப்பிட அனுமதியை "எப்போதும்" என்று மாற்றினோம். பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து தாமினிக்கு விலக்கு கொடுத்தோம். கேட்கிற மாதிரி ரிங்டோன் வைத்தோம். ஒரு ரூபாய் செலவில்லை. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் பெரியவர்கள் போனை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

வானிலை ஆய்வு மையத்தின் "அடுத்த மூன்று மணி நேரத்தில் இடி மின்னலுடன் மழை" அறிவிப்பைத் தாமினியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது முன்கணிப்பு, மாவட்ட அளவிலானது. காலையில் ஆட்டை எந்தப் பக்கம் ஓட்டலாம் என்று தீர்மானிக்க உதவும்.

பிளிட்ஸ்ஓர்ட்டுங். ஜெர்மன் மொழியில் மின்னலின் இடம் காண்பது என்று பொருள். டியூசல்டார்ஃப் நகரின் ஹைன்ரிஷ் ஹைனே பல்கலைக்கழகத்துக் கணினியியல் பேராசிரியர் எகோன் வான்கே தொடங்கியது. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் தங்கள் வீட்டில் ரிசீவர் வைத்து நடத்தும் வலையமைப்பு. இணையத்தில் யாரும் வரைபடத்தைப் பார்க்கலாம். மின்னல் வெட்டிய சில நொடிக்குள் புள்ளி விழும், அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் மெல்ல விரியும். அது இடியோசை பரவும் வேகம். வட்டம் நம் ஊரைத் தொடும் நேரம் ஜன்னலில் இடி முழங்கும்போது எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். எந்தெந்த நிலையங்கள் அந்த மின்னலைக் கேட்டன என்று கோடு போட்டும் காட்டும். தரத்தை எடைபோட அந்தக் கோடுகள்தான் அளவுகோல். கோடுகள் சுற்றிலும் நாலா பக்கமிருந்து வந்தால் இடம் நம்பகமானது. எல்லாம் வெகுதூரத்திலிருந்து ஒரே பக்கமாக வந்தால், புள்ளி பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம்.

தென்கோடியில் இருக்கும் நமக்கு இது முக்கியம். மூன்று பக்கம் கடல், கடலில் யாரும் உணரி வைப்பதில்லை. மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கே ஒரு மின்னல் வெட்டினால், இந்தியாவின் நிலையங்கள் எல்லாமே அதற்கு வடக்கில்தான். அதிபரவளைவுகள் ஒன்றையொன்று நறுக்கென்று வெட்டாமல், ஒட்டி உரசியபடி ஓடும். கிழக்கு மேற்கில் இடம் ஓரளவு சரியாக வரும், வடக்கு தெற்கில் பிழை நீண்டுவிடும். எந்த வலையமைப்புக்கும் இந்தக் கணக்கு பொருந்தும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் சரி. இலங்கையில் நிலையங்கள் கூடக்கூட நம் தென்கரைக்குத் துல்லியம் கூடும். மேற்கே மலையிலிருந்து இறங்கும் மழைக்கு இந்தக் குறை பெரிதாக இல்லை.

உயிர், உடைமைப் பாதுகாப்புக்குத் தங்கள் தரவை நம்ப வேண்டாம் என்று பிளிட்ஸ்ஓர்ட்டுங்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த நேரமும் நின்றுபோகக்கூடிய தன்னார்வ ஏற்பாடு அது. ஆகவே மாமாவுக்கு இது இரண்டாவது கண், தாமினியைச் சரிபார்க்க மட்டும்.

"அப்போ நாமளே ஒரு ஸ்டேஷன் வச்சா?" என்று மாமா கேட்டார். எனக்கும் வெகுநாள் ஆசை. சில நூறு யூரோ செலவாகும். வளைய அல்லது ஃபெரைட் ஆன்டெனா, ஜிபிஎஸ், எப்போதும் இணைய இணைப்பு. அலைவடிவத்தை நேரத்தோடு சேர்த்து மையக் கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் மாமாவின் நிலம் இதற்கு ஆகாது. காரணம் தெரிய, வாங்குவதற்கு முன் எளிதாகச் செய்துபார்த்த சோதனை போதுமாக இருந்தது.

ஒரு மீட்டர் மரச்சட்டத்தில் கம்பியைப் பல சுற்றுச் சுற்றி, லேப்டாப்பின் மைக் துளையில் செருகினேன். லேப்டாப்பின் ஒலி அட்டை 24 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்கும். மின்னலின் அலை வலுவாக இருப்பது ஏறக்குறைய 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான், ஆகவே இதிலேயே தெரியும். திரையில் அலைவரிசைப் படம் ஓடவிட்டால் ஒவ்வொரு மின்னலும் மேலிருந்து கீழ்வரை ஒரு மெல்லிய கோடாக விழும். எங்கோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி விழுந்ததும் கூடத் தெரியும். தரைக்கும், வெகு உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கான அயனி மண்டலத்துக்கும் நடுவே குழாய்க்குள் போவது போல இந்த அலை ஓடும். மாமா வீட்டில் அந்த மெல்லிய கோடுகளைத் தேட வேண்டியிருந்தது. 18.2 கிலோஹெர்ட்ஸில் வாழைத்தண்டு மாதிரித் தடித்த ஒரு பட்டை திரையை அடைத்துக்கொண்டு நின்றது.

விஜயநாராயணம். ஐஎன்எஸ் கட்டபொம்மன். 1990 முதல் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் சேதி அனுப்பும் கடற்படையின் நிலையம். தண்ணீருக்குள் ஓரளவாவது இறங்கக்கூடியது இந்தத் தாழ்ந்த அலைவரிசைதான். அதனால்தான் மின்னல் பேசும் அதே வரிசையில் கடற்படையும் பேசுகிறது. அந்த நிலையத்தின் அலையைக் கொண்டு தூர நாடுகளில் அயனி மண்டலத்தை ஆராய்கிறார்கள். இங்கே அதன் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு மென்குரல் கேட்க முடியாது. வடிகட்டி போட்டு ஓரளவு வெட்டலாம். ஆனாலும் ரிசீவரின் முன்பகுதி திணறும். இரைச்சல் மிகுந்தால் பிளிட்ஸ்ஓர்ட்டுங் நிலையம் தானாகவே அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும். காசைக் கொட்டி ஊமையாக ஒரு நிலையம் வைப்பதில் அர்த்தம் இல்லை. தென்காசி, இராமநாதபுரம் என்று தள்ளி இருக்கும் பள்ளியோ கல்லூரியோ என்றால் என் பதில் வேறு. அங்கே நிச்சயமாக வைக்க வேண்டும். மாணவர்களுக்கு அதிபரவளைவு கண்ணால் தெரியும், தென்கோடியின் வடிவக் குறையும் கொஞ்சம் தீரும். வைப்பதற்கு முன் இந்த மரச்சட்டச் சோதனையைச் செய்துவிடுங்கள். எல்இடி விளக்கு, சார்ஜர், இன்வெர்ட்டர் இவற்றின் இரைச்சலும் அதில் தெரிந்துவிடும்.

காசு கொடுத்து வாங்கும் எச்சரிக்கைச் சேவைகள் உண்டு. காற்றாலை, விமான நிலையம், துறைமுகம் போன்றவற்றுக்குச் சரி. அறுபது ஆட்டுக்கு வேண்டாம்.

ஆனால் ஒரு கருவியைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. வலையமைப்பு எதுவானாலும் முதல் மின்னல் வெட்டிய பிறகுதான் அதற்குத் தெரியும். தலைக்கு நேர் மேலே புதிதாகக் கட்டும் மேகம் முதல் மின்னலையே நம் நிலத்தில் இறக்கினால், வலையமைப்பால் ஒன்றும் செய்ய முடியாது. தரையின் மின்புலத்தை அளக்கும் மின்புல மானி அதையும் முன்கூட்டிச் சொல்லக்கூடியது. தெளிந்த வானில் மீட்டருக்கு 100 வோல்ட் போல இருக்கும் புலம், இடிமேகத்தின் கீழ் ஆயிரக்கணக்கில் ஏறும். 1969 நவம்பர் 14 அன்று அப்பல்லோ 12 கிளம்பிய 36-ஆம் நொடியிலும் 52-ஆம் நொடியிலும் மின்னல் தாக்கியது. வெட்டிக்கொண்டிருந்த மின்னலுக்குள் ராக்கெட் போய் மாட்டவில்லை. மேகத்தில் தேங்கியிருந்த மின்புலத்தை அந்த ராக்கெட்டே தூண்டிவிட்டது. வானத்தில் மின்னலே இல்லாதபோதும் அபாயம் இருக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கென்னடி ஏவுதளம் இன்று மின்புல மானிகளின் வலையை நம்புகிறது. சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசு ஆலைகள் இதில் முதலீடு செய்தால் நான் கைகூப்புவேன். அங்கே ஒரே ஒரு மின்னல் போதும்.

மாமாவுக்கு அந்த முதல் மின்னலுக்குக் கண்தான் கருவி. மதியத்துக்கு மேல் மேற்கே மேகம் காலிஃபிளவர் மாதிரி மளமளவென்று கட்டி அடி கறுத்தால், போன் ஒலிக்கிறதா என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்தது காது. ஊரில் "இடி விழுந்து செத்தார்" என்பார்கள். கொல்வது மின்னல், இடி அதன் சத்தம்தான் என்று திருத்தாதீர்கள். சத்தம் மெதுவாக வருவதால்தான் அது நமக்கு உதவுகிறது. மூன்று நொடிக்கு ஒரு கி.மீ. வெட்டியதற்கும் முழங்கியதற்கும் நடுவே 30 நொடி என்றால் மின்னல் 10 கி.மீ. தள்ளி இருக்கிறது, அதாவது எட்டும் தூரத்தில். இடியோசை அதிகம் போனால் 15 கி.மீ., அமைதியான இடத்தில் இன்னும் கொஞ்சம். ஆட்டுக்கான 20 கி.மீ. கணக்குக்குக் காது போதாது. ஆட்களுக்குப் போதும். டவர் நின்றாலும் சார்ஜ் தீர்ந்தாலும் வேலை செய்யும் ஒரே வழியும் இதுதான்.

ஆக, நாங்கள் எடுத்த முடிவு இது. மிஷின் வாங்கவில்லை. தாமினி மாமாவின் போனிலும், ஆடு மேய்க்கும் தம்பியின் போனிலும், வேலைக்கு வருபவர்களில் மூத்த அக்காவின் போனிலும். மூன்றும் வேறு வேறு நிறுவனத்து சிம், ஒரு டவர் விழுந்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று. 40-க்குள் வந்தால் ஆடுகளை ஊர்ப்பக்கமாகத் திருப்பி மேய்ப்பது, 20 என்றால் நேரே பட்டிக்கு. மரத்தடியில் ஒண்டுவது கிடையாது. தரையில் பரவும் மின்சாரம் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே பாய்வதால்தான் ஒரே மரத்தடியில் மந்தையே விழுகிறது.

ஆட்களுக்கு எண்ணிக்கை. வயலில் யாரிடமும் கடிகாரம் இல்லை. ஆனால் சின்ன வயதில் இடி முழங்கினால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லச் சொன்ன ஆச்சி எல்லோருக்கும் உண்டு. நிதானமாக ஒரு தடவை சொன்னால் ஏறக்குறைய ஒரு நொடி. மின்னல் வெட்டியதும் தொடங்கி, முப்பது அர்ச்சுனாவுக்குள் சத்தம் வந்துவிட்டால் களைக்கொட்டைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடக்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை திரும்பக் கூடாது. அந்த நேரத்துக்குக் கூலி பிடிப்பதில்லை என்று மாமா அவராகவே சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் யாரும் நடந்திருக்க மாட்டார்கள்.

ஐப்பசி இரண்டாம் வாரம் ஒரு சாயங்காலம் மூத்த அக்கா நிமிர்ந்து எண்ண ஆரம்பித்து, இருபத்திரண்டில் நிறுத்தினார். எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.